பலகையின் மறுமுனை

"படியில நிக்காதீங்க, உள்ள ஏறிப் போங்க, உள்ள என்ன பாம்பா கிடக்கு?" என்று ஒரு சத்தம் வந்ததே, அது கண்டக்டர் இல்லை அண்ணே. கண்டக்டர் அப்போது முன்வாசலில் யாரோடோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அது நான். கூட்டம் ஓர் அடி நகர்ந்தது, உங்களுக்கும் எனக்கும் இந்த ஸீட் கிடைத்தது. நீங்க சிரித்ததையும் பார்த்தேன். அப்படியென்றால் கருங்கல் வரைக்கும் நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டுவிட்டு ஒரு யோசனை சொல்லுங்க. எனக்கு யோசனை சொல்ல ஆளில்லை.

மடியில் இருக்கிற பொட்டலம் ஸ்குரூ. நாற்பது. எண்ணி வாங்கியது. நாற்பது ஸ்குரூவுக்காக ஒருத்தன் கருங்கல்லில் இருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுவானா? நான் இந்த மாதத்தில் நாலாவது தடவை ஏறுகிறேன். இன்றைக்குக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்க வீட்டில் ஸ்குரூவைத் தாளித்துத் தின்கிறீர்களா என்று கேட்டார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் மூக்கு வழியாகத்தான் வெளியே வரும். அவர் பேசுகிற மாதிரியே செய்து காட்டுவேன், பின்சீட்டில் அவருக்குச் சொந்தக்காரர் இருந்தால் வம்பு. எங்க ஊர்க் கடையில் கிடைக்கிற ஸ்குரூ கடல்காற்றுக்கு ஒரே மழையில் துருப்பிடித்துவிடும், துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூதான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம். அப்பா டெக் கட்டுகிறார்.

கப்பலில் இருக்கிற டெக் இல்லை. வீட்டுக்குப் பின்னால், அடுக்களைக் கதவைத் திறந்தால் நேராகக் கால் வைக்கிற மாதிரி, தரையில் இருந்து ஒரு முழ உயரத்தில் பலகை அடித்த மேடை. கூரை கிடையாது, சுவர் கிடையாது. சாயந்திரம் நாற்காலி போட்டுப் பின்னால் இருக்கிற குளத்தைப் பார்த்துக்கொண்டு சாயா குடிக்கலாம். அதற்கு அவ்வளவுதான் உபயோகம். இதை ஊருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போதகர் அதில் ஜெபக்கூட்டம் நடத்தலாமா என்று கேட்டார். அறுப்புமில் தங்கராஜ் மாமா, தேங்காய் காயப்போட நல்ல இடம் என்றார். காயப்போடும் தேங்காயை விடக் காய்ந்த குரல் அவருக்கு.

அப்பா பெயர் நேசையன். பதினெட்டு வருஷம் கத்தாரில் இருந்தார். அங்கே அவருக்கு வேலையே டெக் போடுவதுதான். பெரிய பெரிய வீடுகள், வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம், குளத்தைச் சுற்றி மரப்பலகை. ஒன்றில்கூட அவர் உட்கார்ந்தது இல்லையாம். கடைசி ஸ்குரூவை முறுக்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வழியாக இறங்கிவிட வேண்டும். மறுநாள் போனால் காவல்காரன் உள்ளே விடமாட்டான். நேற்று வரைக்கும் அந்தப் பலகையில் மண்டிபோட்டுக் கிடந்தவரை, நீ யாரு என்று கேட்பான்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதம் லீவு. ஒன்பது லீவு வந்திருக்கிறார். கணக்குப் போட்டால் ஒன்றரை வருஷம். எனக்குப் பதினேழு வயது அண்ணே. அதில் அப்பா இருந்தது ஒன்றரை வருஷம், அதுவும் கறி வாங்குகிற, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற ஒன்றரை வருஷம். போன ஆகஸ்டில் ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயசு, இனி விசா புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

வந்தவர் சும்மா இருந்தாரா? ஒரு வாரத்தில் வீட்டில் உள்ள எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டார். ஒரு கதவும் சத்தம் போடாததால் அம்மா எப்போது பின்னால் வந்து நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என் மேஜைக்குக் கால் மாற்றினார். என் சைக்கிளைப் பிரித்துப் பூட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செய்வார். "ஜெனிஷ் ராஜ், உன் சைக்கிளைத் தொடலாமா?" எங்க பக்கத்தில் எந்த அப்பா மகனை இப்படிக் கூப்பிடுவார்? லேய் என்பார்கள், மக்களே என்பார்கள். இவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கூப்பிடுவார். எனக்கு விருந்தாளி வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். அவர்தான் விருந்தாளியா, நான் விருந்தாளியா என்றும் தெரியாது.

பிறகு ஒருநாள் கட்டம்போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாம்புறம் போனார். இரண்டு நாள் அளந்தார். மூன்றாம் நாள் எஸ்டிமேட் தயார். பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம். அடியில் பன்னிரண்டு சிமெண்ட் கட்டை. அதன்மேல் மூன்று கனத்த சட்டம். அதன்மேல் குறுக்கே பத்து மெல்லிய சட்டம். மேலே நாலு அங்குலப் பலகை இருபத்தொன்பது. முப்பது இல்லை அண்ணே, இருபத்தொன்பது. ஏனென்றால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பென்சில் முனை போகிற இடம் விடவேண்டும், மழைத்தண்ணீர் இறங்க. அந்த இடைவெளியை எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒரு பலகை குறைகிறது. ஒரு பலகை பத்துச் சட்டத்தைத் தாண்டும், தாண்டுகிற இடத்தில் இரண்டு ஸ்குரூ. ஆகப் பலகைக்கு இருபது. மொத்தம் ஐந்நூற்று எண்பது, கைதவறி விழுவதற்கு இருபது, அறுநூறு. மரம் ஆஞ்சிலி. தேக்குக்குக் காசில்லை, பலா போதாது, ஆஞ்சிலி மழையில் கிடந்தாலும் கிடக்கும். எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்தாயிரத்துக்குப் பக்கம் வந்தது. கூலி என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே 'சொந்தக் கை' என்று எழுதியிருந்தார்.

அம்மா நோட்டை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, மழை பெய்கிற ஊரில் கூரை இல்லாத பலகைக்கு இத்தனை ரூபாயா, அடுக்களையில் ஒழுகுவது உங்க கண்ணில் படவில்லையா என்று கேட்டாள். மறுநாள் அப்பா கூரைமேல் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றினார். இறங்கி வந்து நோட்டை மறுபடியும் அவள் முன்னால் வைத்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவோ செய்யுங்கோ என்றாள். அப்படித்தான் டெக்குக்கு அனுமதி கிடைத்தது.

ஜனவரி வருஷப் பிறப்பு கழிந்த சனிக்கிழமை மரம் வந்து இறங்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் என் தலையெழுத்து.

இங்கே வர்கீஸ் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கத்தாரில் அப்பாவுக்கு மேஸ்திரிக்கு மேல் சூப்பர்வைசர். பத்தனம்திட்டைக்காரர், மலையாளி. அப்பாவுக்கு அவர் என்றால் உயிர். சார் வேறு கம்பெனிக்கு மாறிப்போன அன்று பிரிவு விருந்தில் அவர் பேசியதை அப்பா போனில் எடுத்து வைத்திருக்கிறார். நாலு நிமிஷம். மாதத்துக்கு இரண்டு தடவை போட்டுப் பார்ப்பார். கத்தார் சிம்மோடு சாருடைய நம்பர் போய்விட்டது என்று வருத்தப்படுவார். அந்த நாலு நிமிஷத்தை நானும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கேட்டு, சார் எனக்கு வந்துவிட்டார். தொண்டைக்குக் கீழே ஒரு கல் கிடந்து உருளுகிற மாதிரிக் குரல். நல்ல சரக்கு. இப்படி ஒரு குரல் கையில் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

அஜின் என்று என் கூட்டாளி. எங்களுக்கு அடுத்த வீடு. அவன் வீட்டு மாடியில் நின்றால் எங்க பின்னாம்புறம் முழுக்கத் தெரியும். அவனுடைய பழைய போன் ஒன்று, அதற்கு ஒரு சிம். சர்ச் முடிந்து வந்து, அப்பா மரத்தின் மேல் உட்கார்ந்து பலகையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் போட்டேன்.

"எடோ நேசையா, வர்கீஸாணு. மறந்நோ?"

அப்பா எழுந்து நின்றார். அது மட்டுமா, மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கீழே விட்டார். போனுக்கு அண்ணே, போனுக்கு. அஜின் தலையணையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உருண்டான். நான் விடவில்லை. நாட்டுக்கு லீவில் வந்திருக்கிறேன், புதுக் கம்பெனி, உனக்கு ஒரு விசா வைத்திருக்கிறேன், வயசு பிரச்சினை இல்லை, ஈஸ்டர் கழிந்து வரலாம் என்று அளந்தேன். அடுத்த வரியில், அப்பா நான்தான் என்று சொல்லிச் சிரிப்பதாகத் திட்டம். சத்தியமாக அதுதான் திட்டம்.

அதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எப்படியாவது கூட்டிக்கொண்டு போங்க சாரே, பெருக்கித் தூத்துவாரும் வேலை என்றாலும் சரி என்றார். இங்கே என்னுடைய வேலை ஒன்றும் பாக்கி இல்லை, எல்லாக் கதவும் நன்றாயிருக்கிறது என்றார். நான் இல்லாமல் இவர்கள் வாழப் பழகிவிட்டார்கள், நடுவில் வந்து நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். பிறகு சொன்னார்.

"சாரே, எனக்க மோன் ஊருல உள்ள எல்லாரையும் செய்து காட்டுவான். போதகரை, ஹெட்மாஸ்டரை, மீன்காரரை. என்னைச் செய்யமாட்டான். நான் எப்படிப் பேசுவேன்னு அவனுக்குத் தெரியாது."

அஜின் வாயில் இருந்து தலையணையை எடுத்துவிட்டான்.

நீங்க கேட்பீங்க, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று. எப்படிச் சொல்வது? என் வாயில் இருந்தது வர்கீஸ் சார். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, நான் உங்க மகன் என்று சொல்ல முடியுமா? பேடிக்கண்டா நேசையா, ஞான் உண்டு என்று, பயப்படாதே நான் இருக்கிறேன் என்று, சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்பாவைச் செய்து பார்த்தேன். வரவில்லை. தங்கராஜ் மாமா வந்தார், போதகர் வந்தார், அப்பா வரவில்லை.

வீட்டில் அதற்குப் பிறகு நடந்தது பாருங்க. அப்பா மரத்தை எல்லாம் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டார். போகிறவனுக்கு எதற்கு டெக் என்று அம்மாவிடம் சொன்னார். அவள் கோபித்தால் பாத்திரம் உடையும். இந்தத் தடவை ஒரு பாத்திரமும் உடையவில்லை. அப்பாவுடைய பழைய சூட்கேஸை எடுத்து வெயிலில் வைத்தாள், பூச்சி போக.

மூன்றாம் நாள் விசாவைக் கேன்சல் பண்ணுவதற்காக மறுபடியும் போன் செய்தேன். அஜின் வீட்டு மாடியில் இருந்துதான். அப்பா பழையபடி எழுந்து நின்றார், கைலியை இறக்கினார். சோகமான செய்தி சொல்கிற குரலைத் தயார் பண்ணிக்கொண்டு, நேசையா, ஒரு காரியம் பறயான் என்று தொடங்குகிறேன், அந்த நேரம் பார்த்து மீன்காரர் சூசை மரியான் வண்டியில் வருகிறார். "சாளே, சாளே, பெடக்கிற சாளே" என்று சாளை மீனுக்கு ஒரு கூப்பாடு, பின்னாலேயே ஹார்ன். எங்க வீட்டு வாசலிலும் அதே சத்தம், என் போனுக்குள்ளும் அதே சத்தம்.

அப்பா போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி எங்கேயோ பார்த்தார். நான் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"சாரே, உங்க பத்தனம்திட்டையிலயும் இண்ணைக்குச் சாளையா?" என்று கேட்டார்.

"அதே, இவிடயும் சாளை" என்றேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை அண்ணே. எனக்கே என் மேல் ஆச்சரியம். மனிதர் அப்படியே நம்பிவிட்டார். பார்த்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். சாருடைய குரல் பழகிவிட்டது போல. பிறகு ஒருநாள்கூட அந்தப் போனுக்கு அவர் எழுந்து நிற்கவில்லை.

விசா இல்லை என்று சொல்ல என் நாக்கு வரவில்லை. தூத்துவாருகிற வேலைக்கும் சரி என்றவரிடம் அதுவும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக வாயில் என்னவோ வந்தது. கம்பெனிக்காரர்கள் உன் வேலையைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள், வீட்டில் ஒரு டெக் போட்டு போட்டோ அனுப்பு, அதைப் பார்த்துத்தான் விசா என்றேன். நான் அடித்ததிலேயே பெரிய புளுகு இதுதான். இப்படியாவது சூட்கேஸ் உள்ளே போகட்டும், தார்ப்பாய் கழலட்டும், அதற்குள் வேறு வழி கிடைக்கும் என்று ஒரு கணக்கு.

அப்பா யோசித்தார். போடலாம் சாரே, ஆனால் பன்னிரண்டு அடிப் பலகை, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை என்றார்.

மோன் இல்லே என்று கேட்டேன்.

"இருக்கான். கூப்பிட்டா வருவானா சாரே?"

"வரும். சோதிச்சு நோக்கு" என்றேன், கேட்டுப் பார் என்று.

"நீங்க சொன்னா செரி" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்று, ஜெனிஷ் ராஜ், கொஞ்சம் பலகை பிடிக்க வருகிறாயா என்று கேட்டார். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வருவான் என்று உறுதி கொடுத்தவனே நான்தானே.

பத்து நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவருவேன். எனக்கு மரவேலை வராது. ஸ்குரூவைச் சாய்த்து இறக்குவேன், அப்பா ஒன்றும் சொல்லாமல் பிடுங்கி நேராக வைப்பார். ஒருநாள் பலகையின் ஒருமுனையை நான் பிடித்துக்கொண்டு, தங்கராஜ் மாமா மரத்தை அறுத்துக்கொண்டே பேசினால் எப்படி இருக்கும் என்று செய்து காட்டினேன். அப்பா சிரித்த சிரிப்பில் அவர் பக்கத்துப் பலகை விழுந்து கால் பெருவிரல் நசுங்கிப்போனது. நசுங்கின விரலைப் பிடித்துக்கொண்டும் சிரிக்கிறார். "லேய், இன்னொருக்கா செய்யி" என்கிறார். லேய் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னார். ஐந்து பேரைச் செய்தேன். எல்லாம் முடிந்த பிறகு, வர்கீஸ் சாரைச் செய்வியா என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் குரல் எனக்கு வராது அப்பா என்றேன்.

"முயற்சி பண்ணினா வரும். நல்லா வரும்" என்றார். காதில் இருந்த பென்சிலை எடுத்து அடுத்த பலகைக்கு இடம் விட்டார். என்ன அப்பாவியான மனிதர் பாருங்க.

இதற்கு நடுவில் சாருக்கு அவரே போன் செய்ய ஆரம்பித்தார். நான் எங்கே இருந்தாலும் அந்தப் போனைக் கையில் வைத்திருக்கவேண்டும், மணி அடித்ததும் ஓடவேண்டும். பேசுவது எல்லாம் என்னைப் பற்றி. சாரே, மோன் கணக்கில் முப்பத்தெட்டு மார்க், எனக்கு அதட்டத் தெரியாது, பழக்கம் இல்லை, நீங்க என்றால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள். வர்கீஸ் சார் என்ன சொல்லுவார்? நேசையா நீ விடு, அவன் படிச்சோளும், அடுத்த பரீட்சையில் எழுபது என்று சொல்லிவிட்டார். சொன்னது சார், படிக்கவேண்டியது நான். காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து படிக்கிறேன் அண்ணே. எனக்கு எதிராக நானே சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு நாள், மோனுக்கு பைக் வாங்கிக் கொடுக்கட்டுமா சாரே என்று கேட்டார். எனக்கு வாயெல்லாம் எச்சில். ஆனால் சார் வாங்கிக் கொடு என்று சொல்வாரா? இருபது வயசு ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் குணம் அப்படி, நான் என்ன பண்ண முடியும்?

நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன், ஆனால் இது சிரிக்கிற காரியம் இல்லை. ஏனென்றால் பலகை ஏறிக்கொண்டே போகிறது. பத்து, பதினைந்து, பதினெட்டு. இருபத்தொன்பது முடிந்தால் போட்டோ. போட்டோ போனால் விசா வரவேண்டும். விசாவுக்கு நான் எங்கே போவேன்? இல்லை என்று சார் சொன்னால் அப்பா என்ன ஆவார்? நான்தான் சார் என்று நான் சொன்னால், தான் பேசியதை எல்லாம் யாரிடம் பேசினோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதை, நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் என் முகத்தில் எப்படி விழிப்பார்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஸ்குரூ டப்பாவில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் குளத்தில் போட்டேன். மறுநாள் இன்னொரு கைப்பிடி. வேலை நிற்கட்டும், என்ன செய்வது என்று யோசிக்க நாலு நாள் கிடைக்கட்டும் என்றுதான். அறுநூறு எண்ணி வாங்கினவர், குறைந்தால் கண்டுபிடிக்க மாட்டாரா? கண்டுபிடித்தார். டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைதவறி விழுந்திருக்கும் என்றார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து நாகர்கோவிலுக்கு அனுப்பினார். வாங்கி வந்தேன், போட்டேன், மறுபடி சீட்டு. ஒருநாள் படித்துறையில் நின்று தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சனியன் பிடித்த ஸ்குரூ துருப்பிடிக்காதே, அடியில் கிடந்து வெள்ளிக்காசு மாதிரி மின்னுகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளத்தில் நல்ல மீன் கிடக்குது போல என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மயிரிழையில் தப்பினேன்.

இப்போது நாலு பலகை பாக்கி. இன்றைக்குச் சீட்டைப் பாருங்க, அவர் கையெழுத்து. 'ஸ்குரூ நாற்பது.' பலகைக்கு இருபது என்றால் நாலு பலகைக்கு எத்தனை? எண்பது வேண்டும் இல்லையா? நாற்பது என்று எழுதியிருக்கிறார். பென்சில் இடைவெளியைக் கூட்டிக் கழித்து ஒரு பலகையை மிச்சம் பிடித்த மனிதர், எண்பதுக்கு நாற்பது என்று எழுதுகிறார். போன சீட்டும் இப்படித்தான், பாதிதான் எழுதியிருந்தார். வயசாகிறது அண்ணே. விசா நினைப்பில் கணக்கே மறந்துபோகிறது. பார்த்தாலே பாவமாக இருக்கிறது. நான் சொல்லித் திருத்தவில்லை, எனக்கு நல்லதுதானே, இன்னொரு வாரம் கிடைக்கும்.

என்ன? அவருக்குத் தெரிந்திருக்கும் என்கிறீங்களா?

சே. நீங்க என் வர்கீஸ் சாரைக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறீங்க. எங்க ஹெட்மாஸ்டருடைய குரலில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று நான் இருமினபோது, உள்ளே உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டரே எழுந்து நின்றிருக்கிறார். அப்பாவாவது கண்டுபிடிப்பதாவது.

இருங்க இருங்க, மணி அடிக்கிறது. இந்தச் சட்டைப் பையில் அடித்தால் அது சாருடைய போன். அவர்தான். நீங்க கொஞ்சம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளுங்க, உங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

"ஆ, பற நேசையா... சுகந்தன்னே... எந்தா?... இல்லடோ, ஞான் வீட்டில்தன்னே இருக்குந்நு... அதோ? அது டிவி. தமிழ் நியூஸ் வச்சிருக்குந்நு... ஆ... ஆ... அப்படியா... அதெப்படி நேசையா... ஆ... செரி. செரி செரி. வச்சோ."

கேட்டீங்களா, அந்தக் கண்டக்டருக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை. "திங்கள்சந்தை இறங்கு, கருங்கல் போறவங்க உள்ள வா" என்று என் காதுக்குப் பக்கத்திலேயே வந்து கத்துகிறார். என்ன சத்தம் சாரே என்று அப்பா கேட்கிறார். டிவி என்று சமாளித்தேன், நல்ல டிவி என்று சொல்லிவிட்டார். அது போகட்டும். அவர் சொன்னதைக் கேளுங்க. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போட்டோ கொஞ்சம் தாமதமாகும் சாரே, ஸ்குரூ குறைவு, கணக்கில் நான்தான் பிழை விட்டுவிட்டேன் என்றார். அதுவாவது பரவாயில்லை. டெக் முடிந்தால் அதில் இருந்து குளத்துக்கு இறங்க ஒன்பது படி போடலாம் என்று எஸ்டிமேட் எழுதிக்கொண்டிருக்கிறாராம். படி முடிந்தால் சுற்றிலும் கைப்பிடி. கைப்பிடி முடிந்தால் ஒரு பெஞ்சு. எல்லாவற்றுக்கும் மறுமுனையில் பிடிக்க மோன் வேண்டும், மோனுக்குப் பரீட்சை இருக்கிறது, அதனால் மெல்ல மெல்லத்தான் நடக்கும் என்றார். பிறகு சொல்கிறார்:

"விசா வந்தா உங்க கையிலயே வச்சிருங்க சாரே. தேவைப்பட்டா நான் கேக்குகேன்."

இல்லாத விசாவை நான் எத்தனை நாள் கையில் வைத்திருப்பது? படி ஒன்பது, கைப்பிடி, பெஞ்சு. இரண்டு வருஷம் ஆகும் அண்ணே. இரண்டு வருஷமும் நான் வர்கீஸ் சாராகவே இருக்கணுமா? கல்லூரிக்குப் போனாலும் இந்தப் போனைத் தூக்கிக்கொண்டு திரியணுமா? ஒரு வழி சொல்லுங்க என்று கேட்டேன், நீங்க என்னவென்றால் ஜன்னலைப் பார்த்துத் தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருக்கிறீங்க. இருபது நிமிஷத்தில் ஓர் இடத்துக்குப் போகணும் என்று சொல்லி அவரும் பட்டென்று வைத்துவிட்டார். இல்லையென்றால் ஏதாவது சொல்லித் தடுத்திருப்பேன்.

கருங்கல் வந்துவிட்டது. கொஞ்சம் காலை ஒதுக்குங்க.

அட, அங்கே ஸ்டாப்பில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்கிறது யார் பாருங்க. அந்த நீலச் சட்டை. எங்க அப்பாதான். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் எந்த பஸ்ஸில் வருவேன் என்று நான் சொல்லவே இல்லையே, இவர் எப்படிச் சரியான நேரத்துக்கு வந்து நிற்கிறார்? ஏதோ வேலையாகக் கடைத்தெருவுக்கு வந்திருப்பார். நீங்க இப்போது தயவுசெய்து சிரிக்காதீங்க அண்ணே, பார்த்துவிடப் போகிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.